கால்பந்துத் தொடர்களில் மதுத் தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பையோ, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ தொடரோ நெருங்கினால் போதும், மதுத் தடை பற்றி அதே கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். பாதிக் கேள்விகள், 2022 உலகக் கோப்பையின்போது கத்தாரில் நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டதால் எழுபவை. மீதிப் பாதி உண்மையிலேயே யோசிக்க வேண்டியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

உலகக் கோப்பையில் மது கூடாதுன்னு ஃபிஃபாவே விதி வெச்சிருக்கா?

இல்லை. உலகக் கோப்பையை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. சொல்லப்போனால் நிலைமை நேர் எதிர். பட்வைசர் பியர் 1986 முதல் உலகக் கோப்பையின் ஸ்பான்சர். மைதானத்தில் தன் பியரை மட்டுமே விற்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். விற்பனை நடந்தால்தான் ஃபிஃபாவுக்கு லாபம்.

தடை என்று ஒன்று வந்தால் அது தொடரை நடத்தும் நாட்டின் சட்டத்திலிருந்தோ, அந்தந்த நகரக் காவல்துறையின் உத்தரவிலிருந்தோதான் வரும். அதனால்தான் தொடருக்குத் தொடர், சில சமயம் ஒரே தொடரில் ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறுகிறது.

2022ல் கத்தாரில் ஒரு சொட்டுகூடக் கிடைக்கலையாமே?

கிடைத்தது. எங்கே, எப்போது, என்ன விலைக்கு என்பதுதான் விஷயம். முதலில் போட்ட திட்டப்படி, மைதானத்தின் சுற்றுச்சுவருக்குள் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பும் முடிந்த பின் ஒரு மணி நேரமும் பட்வைசர் விற்பதாக இருந்தது. இருக்கைப் பகுதியில் விற்பனை என்ற பேச்சு அப்போதும் இல்லை. நவம்பர் 18ஆம் தேதி, அதாவது கத்தாரும் ஈக்வடாரும் மோதிய முதல் ஆட்டத்துக்கு இரண்டே நாள் முன்னால், எட்டு மைதானங்களைச் சுற்றியிருந்த பியர் விற்பனை இடங்களையும் அகற்றுவதாக ஃபிஃபா அறிவித்தது. நாட்டு அதிகாரிகளுடன் பேசி எடுத்த முடிவு என்றது அறிக்கை. அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.

மைதான வளாகத்தில் மதுவற்ற பட்வைசர் ஜீரோ மட்டும் மிஞ்சியது. ஆனால் தோஹாவின் அல் பித்தா பூங்காவில் இருந்த ரசிகர் திருவிழாத் திடலில் மாலை ஏழு மணி முதல் இரவு ஒரு மணி வரை பியர் விற்றார்கள். அரை லிட்டர் 50 ரியால், கிட்டத்தட்ட 14 டாலர். உரிமம் பெற்ற ஹோட்டல் பார்களும் வழக்கம்போல் திறந்திருந்தன. மைதானத்தில் இருந்த சொகுசு அறைகளுக்கும் இந்தத் தடை பொருந்தவில்லை. ஆக, 'கத்தார் மதுவைத் தடை செய்தது' என்பது தலைப்புச் செய்திக்குப் பொருந்தும், நடந்ததற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அப்புறம் எதுக்கு அவ்வளவு கூச்சல்?

பெரும்பகுதி கூச்சல் பியருக்காக அல்ல. இரண்டு நாள் இருக்கும்போது ஒப்புக்கொண்ட ஒன்றை மாற்ற முடிந்தால், தங்குமிடம், போக்குவரத்து, மற்ற உறுதிமொழிகள் எல்லாம் என்ன ஆகும் என்று இங்கிலாந்து ரசிகர்களின் சங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. டிக்கெட்டும் விமானமும் மாதக் கணக்கில் முன்பே வாங்கியவர்களிடம் விதியைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். ஆரம்பத்திலேயே 'மைதானத்தில் மது இல்லை' என்று சொல்லியிருந்தால் பாதிப்பேர் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பட்வைசரின் ட்விட்டர் கணக்கு 'இது கொஞ்சம் சங்கடமான நிலைமைதான்' என்ற பொருளில் ஒரு வரி போட்டுவிட்டுச் சிறிது நேரத்தில் நீக்கியது. பிறகு, விற்காமல் தங்கிப்போகும் பியர் கோப்பையை வெல்லும் நாட்டுக்கே என்று அறிவித்துச் சங்கடத்தையும் விளம்பரமாக்கிவிட்டார்கள். வென்றது அர்ஜென்டினா. ஃபிஃபாவுடனான உறவும் முறியவில்லை, 2026க்கும் அதே நிறுவனம்தான் ஸ்பான்சர்.

முஸ்லிம் நாடு என்பதால்தானே இந்தக் கெடுபிடி? ஐரோப்பாவில் இதெல்லாம் கிடையாதே?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். மைதான மதுத் தடையில் ஐரோப்பாவுக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு.

ஸ்காட்லாந்தில் 1980 மே மாதம் ஹாம்டன் பார்க்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகள் மோதிய கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் ஆடுகளத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டார்கள். குதிரைப்படைக் காவலர்கள் புகுந்துதான் விலக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே மைதானத்தில் மதுவைத் தடுக்கும் சட்டம் வந்தது. சாதாரண இருக்கைக்காரர்களுக்கு அந்தத் தடை பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. பிரான்சில் 1991ஆம் ஆண்டின் எவான் சட்டம் விளையாட்டு மைதானங்களில் மது விற்பனையைத் தடுக்கிறது. கிளப்புகளுக்கு ஆண்டுக்குச் சில முறை மட்டும் விலக்கு உண்டு. இது கலவரத்துக்காக வந்த சட்டமல்ல, மது, புகையிலை இரண்டையும் பொதுச் சுகாதார நோக்கில் கட்டுப்படுத்த வந்தது. ஸ்பெயினில் வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பகுதியாக இதே போன்ற தடை இருக்கிறது.

இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் சற்று விசித்திரமானது. மைதானத்துக்குள் வாங்கலாம், குடிக்கலாம். ஆனால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் கூடாது. இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் நடைகூடத்தில் நின்று முடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கத்தாரில் விமர்சனம் கிளம்பியபோது ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ இந்த வாதத்தைத்தான் எடுத்தார். மூன்று மணி நேரம் பியர் இல்லாமல் இருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள், பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், ஸ்காட்லாந்திலும் இதே விதிதான் என்றார். சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அந்த நாடுகள் யாரும் கடைசி இரண்டு நாளில் மனம் மாறவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

ரக்பி, கிரிக்கெட் பார்க்கிறவங்க இருக்கையிலேயே உட்கார்ந்து குடிக்கிறாங்க. கால்பந்துக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

இங்கிலாந்தைப் பற்றிய கேள்வி என்றால், பதில் 1985ஆம் ஆண்டில் இருக்கிறது. ரசிகர் வன்முறை உச்சத்தில் இருந்த காலம். அந்த மே மாதம் 29ஆம் தேதி பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள்மேல் பாய்ந்ததில் நெரிசலும் சுவர் இடிவும் ஏற்பட்டு 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். சில வாரங்களில் மேலே சொன்ன சட்டம் நிறைவேறியது. அது குறிப்பிட்ட கால்பந்து ஆட்டங்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. மற்ற விளையாட்டுகள் பட்டியலில் சேரவே இல்லை. அதனால் ஒரே மைதானத்தில் சனிக்கிழமை ரக்பி பார்ப்பவர் கையில் கோப்பையோடு உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்ப்பவர் உட்காரக் கூடாது.

இதை மாற்ற வேண்டும் என்ற குரலும் உண்டு. முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் டிரேசி குரோச் தலைமையில் நடந்த ரசிகர் ஆய்வு, 2021ல் கீழ்நிலை லீக்குகளில் சோதனை முறையில் தளர்த்திப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இடைவேளையின் 15 நிமிடத்துக்குள் எல்லோரும் முண்டியடித்து அவசரமாகக் குடிக்க இந்த விதியே காரணமாகிறது என்பது அதன் வாதம். பெண்கள் லீக் ஆட்டங்கள் சிலவற்றில் 2025ல் அப்படிச் சோதித்தும் பார்த்தார்கள்.

சரி, தடை போட்டா கலவரம் குறையுதா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்க.

ஒரே வரியில் சொல்பவரை நம்பாதீர்கள்.

குறைகிறது என்பவர்கள் கத்தாரைக் காட்டுவார்கள். அந்தத் தொடரில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்கள் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டன் காவல்துறையே சொன்னது. வழக்கத்துக்கு மாறான விஷயம்தான். ஆனால் கத்தாருக்குப் போவதற்கான செலவு, பழைய வன்முறைக்காரர்களுக்கு முன்பே போடப்பட்ட பயணத் தடை, கடுமையான சட்டங்களைப் பற்றிய பயம் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. பியர் இல்லாததன் பங்கை மட்டும் தனியே பிரித்து அளக்க வழியில்லை.

குறையாது என்பவர்களுக்கு 2016 யூரோ இருக்கிறது. மார்செய் நகரில் இங்கிலாந்து, ரஷ்யா ஆட்டத்தை ஒட்டி நடந்த அடிதடி அந்தத் தொடரின் மோசமான நிகழ்வு. இங்கிலாந்து ரசிகர்கள் பலர் துறைமுகப் பகுதியில் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார்கள், உண்மை. ஆனால் மிக மோசமாகத் தாக்கியவர்கள் சுமார் 150 ரஷ்யர்கள், நன்றாகப் பயிற்சி எடுத்து, திட்டமிட்டு, வேகமாக வந்து அடித்துவிட்டு மறைந்தார்கள் என்றார் நகரின் அரசு வழக்கறிஞர். அது போதையில் தள்ளாடும் கூட்டம் செய்யும் காரியமில்லை. எவான் சட்டப்படி மைதானத்துக்குள் மது ஏற்கெனவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பதற்றமான இடங்களில் ஆட்ட நாளிலும் முந்தைய நாளிலும் மதுவைக் கட்டுப்படுத்த அரசு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் லீல் நகரில் கண்ணீர்ப்புகை தேவைப்பட்டது.

2021 ஜூலை 11ஆம் தேதி வெம்பிளியில் நடந்த யூரோ இறுதியாட்டத்தையும் பாருங்கள். ஆட்டம் இரவு எட்டு மணிக்கு. காலையிலேயே ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குப் போகும் சாலையில் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் கதவுகளை உடைத்தும் இடித்துத் தள்ளியும் உள்ளே புகுந்தார்கள். இந்தச் சம்பவத்தை ஆராய்ந்து லூயிஸ் கேசி அளித்த அறிக்கை மதுவையும் போதைப் பொருளையும் குறிப்பிட்டது, கூடவே ஏற்பாட்டாளர்களின் கூட்டுத் தோல்வியையும் குறிப்பிட்டது. குடி பிரச்சினையாக இருந்தது, ஆனால் அது மைதானக் கவுண்டரில் வாங்கிய குடி இல்லை. மைதானக் கவுண்டரை மூடுவது கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை, எளிது. ஆட்டத்துக்கு முந்தைய எட்டு மணி நேரத்தை, வெளிச் சாலைகளை, கதவுக்கு எத்தனை பேர் என்பதைக் கவனிப்பது கடினம். பலன் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹில்ஸ்பரோவில் அத்தனை பேர் செத்ததே குடிபோதை ரசிகர்களால்தானே?

இல்லை. இதை இன்னும் கேட்கிறார்கள் என்பதே வருத்தம். 1989 ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். கடைசியாக ஒருவர் அந்தக் காயங்களின் விளைவாக 2021ல் இறந்தார். குடித்துவிட்டு வந்த கூட்டம் தள்ளியதால் நடந்தது என்று காவல்துறை முதல் நாளிலிருந்தே கதை கட்டியது, சில பத்திரிகைகள் அதை ஊதிப் பெருக்கின. இறந்தவர்களின் ரத்தத்தில் மது அளவைச் சோதித்தார்கள், குழந்தைகளையும் விடவில்லை. இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 10.

சம்பவத்தை முதலில் விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கையே காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதுதான் முக்கியக் காரணம் என்று சொல்லிவிட்டது. 2012ல் சுயாதீனக் குழு ஆவணங்களை ஆராய்ந்தபோது, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததும், அவற்றில் 116ல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தன. 2016ல் விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. எந்த அசம்பாவிதத்துக்கும் 'குடிகாரர்கள்' என்று கை காட்டுவது நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சாதாரண ரசிகனுக்கு இல்லை, பாக்ஸில் உட்கார்ந்தவருக்கு மட்டும் ஒயின் வருது. இது எந்த ஊர் நியாயம்?

பல ஊர்களின் நியாயம். கத்தாரில் அப்படித்தான், ஸ்காட்லாந்திலும் உபசரிப்பு அறைகளுக்கு விலக்கு உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பொது ரசிகர்களுக்கு மது இல்லை, அதிக விலைக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு இருந்தது. இங்கிலாந்து மட்டும் இதில் கொஞ்சம் நேர்மை. ஆடுகளம் தெரியும் சொகுசு அறைகளிலும் ஆட்டம் தொடங்க 15 நிமிடம் முன்பிருந்து முடிந்து 15 நிமிடம் வரை மது கூடாது.

விலக்குக்குச் சொல்லப்படும் காரணம், அந்த அறைகளில் ஆட்கள் குறைவு, எதிரணி ரசிகர்களோடு மோதல் வராது என்பது. பாதுகாப்புக் கோணத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கத்தாரில் பண்பாட்டைக் காரணம் காட்டியும் பிரான்சில் உடல்நலத்தைக் காரணம் காட்டியும் தடை போட்டுவிட்டு, பணம் கட்டியவருக்கு மட்டும் அந்தக் காரணம் பொருந்தாது என்றால் எப்படி? மது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றால் 14 டாலர் ஆளுக்கும் 1,400 டாலர் ஆளுக்கும் ஒவ்வாததுதான். இந்தத் தடைகளில் எனக்குப் பெரிய முரண்பாடு இந்த ஒன்றில்தான்.

ஃபிஃபா நினைச்சா ஒரு நாட்டோட சட்டத்தையே மாத்த முடியுமா?

மாற்றியிருக்கிறது. பிரேசிலில் வன்முறை காரணமாக மைதானங்களில் மது தடை செய்யப்பட்டிருந்தது. 2014 உலகக் கோப்பைக்கு முன், ஃபிஃபாவின் அன்றைய பொதுச் செயலாளர் ஜெரோம் வால்க், மது உலகக் கோப்பையின் அங்கம், அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை, திமிராகத் தெரிந்தால் மன்னியுங்கள் என்று சொன்னார். நாடாளுமன்றத்தில் பெரிய இழுபறி. கடைசியில் 2012 ஜூனில் அதிபர் டில்மா ரூசெஃப் சிறப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார், பட்வைசர் மைதானத்துக்குள் வந்தது. தொடர் நடக்கும்போது, இவ்வளவு பேர் போதையில் இருப்பது வியப்பாக இருக்கிறது என்று கவலைப்பட்டவரும் அதே வால்க்தான்! 2018ல் ரஷ்யாவும் தன் மைதானத் தடைக்கு அந்தத் தொடருக்காக விலக்கு கொடுத்தது.

அதே ஃபிஃபா கத்தாரிடம் கடைசி நேரத்தில் தலையாட்டியது. பிரேசிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வளைந்தது, கத்தாரில் வளைந்தது ஃபிஃபா. ஃபிஃபாவின் 'கொள்கை' என்று எதையும் எடுத்துக்கொள்ளாமல் யாருக்கு எவ்வளவு பேரம் பேசும் வலு என்று பார்த்தால் இரண்டும் புரிந்துவிடும்.

முழுத் தடைக்குப் பதிலா லைட் பியர் கொடுத்தா போதாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள். 2024 யூரோவில் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் இங்கிலாந்தும் செர்பியாவும் மோதிய ஆட்டம் அபாயம் மிகுந்ததாகக் கருதப்பட்டதால் மைதானத்தில் 2.5 சதவீத பியர் மட்டும் விற்றார்கள். தொடரில் பொதுவாக விற்றது வழக்கமான பியர். 2016 யூரோவில் ஸ்பான்சர் கார்ல்ஸ்பெர்க் மைதானங்களில் விற்றது 0.5 சதவீதம், பெயருக்குத்தான் பியர். பிரெஞ்சுச் சட்டம் மது விளம்பரத்தையும் தடுப்பதால், ஆடுகள ஓரப் பலகையில் நிறுவனத்தின் பெயரே இல்லாமல், அதன் பிரபலமான விளம்பர வாசகத்தின் சொற்களை மட்டும் அதன் பச்சை நிறத்தில் போட்டுச் சமாளித்தார்கள்.

ஆட்டத்தைப் பொறுத்து அளவைக் குறைப்பது எனக்கு நியாயமாகப் படும் வழி. ஆனால் வெளியே குடித்துவிட்டு வருபவரை இது ஒன்றும் செய்யாது. கெல்சன்கிர்ஷனிலும் கைகலப்பு நடந்தது ஆட்டத்துக்கு முன், நகரத்தில்தான்.

அப்ப குடிச்சிட்டு வந்தா உள்ளே விடுவாங்களா?

வாசலில் இருப்பவர் திருப்பி அனுப்பலாம், டிக்கெட் பணமும் வராது. இங்கிலாந்தில் போதையில் மைதானத்துக்குள் நுழைய முயல்வதே குற்றம். அங்கே ஆட்டத்துக்குப் போகும் வாடகைப் பேருந்தில் மது எடுத்துச் செல்வதும் 1985 சட்டப்படி குற்றம்தான், பலருக்கு இது தெரியாது.

பியர் பாட்டிலை ஒரு வீரர் மேஜையிலிருந்து எடுத்து வெச்சாரே, அதுவும் இதோட சம்பந்தப்பட்டதா?

நேரடியாக இல்லை. 2021 யூரோவில் பிரான்ஸின் போல் போக்பா செய்தியாளர் சந்திப்பில் தன் முன்னால் இருந்த ஹைனகன் பாட்டிலை நகர்த்தினார். அது மதுவற்ற வகை. இருந்தும் மது நிறுவனத்தின் பெயர் தன் முகத்துக்கு முன் இருப்பதை முஸ்லிமான அவர் விரும்பவில்லை என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். பிறகு முஸ்லிம் வீரர்கள் கேட்டால் பாட்டிலை வைக்க வேண்டாம் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொண்டது. விற்பனையைத் தடுப்பது வேறு, விளம்பரத்தைத் தடுப்பது வேறு. முதலாவதைத் தடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவைப்பதுதான் பொதுவான நடைமுறை, கத்தார் உட்பட.

குடிக்காத எங்களைப் பத்தி யாராவது யோசிக்கிறாங்களா?

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கும் குரல் இதுதான். கத்தாரில் மைதானத்துக்குப் போன பெண் ரசிகைகள் பலர், கூச்சல், தொல்லை இல்லாமல் நிம்மதியாக ஆட்டம் பார்க்க முடிந்தது என்று செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அதை 'அடக்குமுறையைப் புகழ்கிறார்கள்' என்று ஒதுக்குவது சரியல்ல. அதே சமயம் கலவரம் பற்றிய பதிலில் சொன்ன மாதிரி, நிம்மதிக்கு மது இல்லாதது மட்டுமே காரணமா என்பதும் தெளிவில்லை. மது இல்லாத தனிப் பகுதிகளை ஒதுக்குவது ஒரு நடுவழி. பெரிய தொடர்களில் இதை டிக்கெட் வாங்கும்போதே தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் இரு தரப்பின் பாதிச் சண்டை தீரும்.

2026லும் 2034லும் என்ன நிலைமை?

2026ல் கத்தார் கதை இல்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் மைதான விற்பனை பழகிப்போன விஷயம். வயது வரம்புதான் குழப்பம்: அமெரிக்காவில் 21, டொராண்டோவிலும் வான்கூவரிலும் 19, மெக்சிகோவில் 18. அமெரிக்க மைதானங்களில் ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்பே விற்பனையை நிறுத்திவிடுவது வழக்கம்.

2034 சவூதி அரேபியாவில். அங்கே 1952 முதல் மதுவிலக்கு. 2024ல் ரியாத்தில் முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்காக ஒரு கடை திறந்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரிட்டனுக்கான சவூதித் தூதர் இளவரசர் காலித் பின் பந்தர் வானொலிப் பேட்டியில், உலகக் கோப்பையின்போது ஹோட்டல்கள் உட்பட எங்கும் மது இருக்காது, யாருக்காகவும் எங்கள் பண்பாட்டை மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்று சொன்னார். சில மாதங்களில், சுற்றுலா இடங்களில் அனுமதிக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவியபோது சவூதித் தரப்பு மறுத்தது.

சொன்னபடி சவூதியில் முழுத் தடை வந்தா ஆதரிப்பீங்களா எதிர்ப்பீங்களா?

தொடருக்கு ஒன்பது ஆண்டு முன்பே சொன்னார்கள், சொகுசு அறைக்கும் ஹோட்டலுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். கத்தார் விஷயத்தில் எனக்கு இருந்த இரண்டு குறைகளும் இதில் இல்லை. பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம், போகிறவர் தெரிந்தே போவார். சவூதியில் தொடர் நடத்துவது பற்றி எனக்கு வேறு கேள்விகள் உண்டு, தொழிலாளர் நிலை அதில் முதலாவது. பியர் அந்தப் பட்டியலில் மிகக் கீழே.

ஆனால் கடைசி வாரத்தில் சொகுசு அறைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு வந்தால், அன்றைக்கு இந்தப் பதிலை மாற்றி எழுதுவேன்.